நிபந்தனை வாக்கியமும் நம் பிள்ளைகளும்

(சுரக்குடியில் நம் சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். 'இஃப்' என்னும் சொல்லைக் கண்ட மாத்திரத்தே நம் பிள்ளைகள் கலங்குகின்றனர். மூன்று சூத்திரங்களை நெட்டுருப் பண்ணி, வினாத்தாளைக் கண்டதும் ஒன்றன் தலையை மற்றொன்றன் உடலில் ஒட்டிவிடுகின்றனர். நெட்டுரு கைவிட்ட இடத்தில் தாய்மொழி கைகொடுக்கும் என்று காட்டவே யாம் எழுந்தோம்.

"மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நாற்று விடுவோம்" என்கிறோம். அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 இன்னும் வரவில்லை. ஆயினும் 'திறந்தால்' என்பதில் இறந்தகால இடைநிலை நிற்கின்றது. அது பற்றி இதனை இறந்தகாலம் என்று கொள்வார் உண்டோ? 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை நன்னூலார் எதிர்காலத்திற்கே உரித்தாக்கினார். இன்றைய 'திறந்தால்' அப்பொருளிலேயே வழங்குகின்றது. வடிவம் வேறு, பொருட்காலம் வேறு என்னும் இவ்வுண்மையை அறிந்தவனுக்கு ஆங்கிலம் அச்சந்தராது.

"இஃப் த வாட்டர் கம்ஸ், வீ வில் பிளான்ட்" என்பதில் வருவது எதிர்காலமே. 'கம்ஸ்' என்பதோ நிகழ்கால வடிவம். 'வில்' பின்வாக்கியத்திற்கு உரியது. மாணவன் அதனை 'இஃப்' அருகிலும் வைத்து மதிப்பெண் இழக்கிறான். (இணக்கப் பொருளில் ஆங்கு வரும் 'வில்' ஒன்று உண்டு, பரீட்சைக்கு அது வேண்டுவதில்லை.) காரைக்காலில் பிரெஞ்சு பயின்ற முதியோர்க்கு இது புதிதன்று, அம்மொழியிலும் நிபந்தனை குறிக்கும் 'சி' என்னும் சொல்லையடுத்து எதிர்கால வினை வாராது.

"நான் பறவையாயிருந்தால் பறப்பேன்" என்பது வெறுங்கற்பனை. தமிழ் இங்கும் அதே 'ஆல்' கொண்டு அமைகின்றது. கற்பனை என்பதைக் கேட்போன் உணர்ந்துகொள்கிறான். ஆங்கிலமோ அதனை வினையிலேயே காட்டும்: "இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை." காலத்தால் விலகிய வடிவங்கொண்டு, மெய்ம்மையினின்றும் விலகியதைக் குறிப்பது அம்மொழியின் வழக்கு. நம் பிள்ளைகள் பெரிதும் இடறுமிடம் இதுவே.

மூன்றாவதை நம் கடற்கரை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை காரைக்கால் கரையில் ஏறிற்று. இந்துமாக்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் தோன்றிற்று. "எச்சரிக்கை வந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர்." "இஃப் எ வார்னிங் ஹாட் கம், மெனி வுட் ஹாவ் லிவ்ட்." வரவில்லை, பிழைக்கவில்லை என்னும் இரண்டும் சொல்லாமலே இவ்வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றன.

ஆதலின், மாணவர்காள், எழுதுகோலை எடுக்குமுன் இது நடக்கக்கூடியதா, கற்பனையா, நடவாது கழிந்ததா என்று தமிழில் கேளுங்கள். பின்வாக்கியத்தில் 'வில்' இருப்பின் 'இஃப்' பக்கம் நிகழ்காலம். 'வுட்' மட்டும் இருப்பின் இறந்தகாலம். 'வுட் ஹாவ்' இருப்பின் 'ஹாட்' முன்னாக வினையின் மூன்றாம் வடிவம்.

ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இதில் உதவலாம். இன்றிரவு பிள்ளையை அருகிலிருத்தி, "நெல் விலை ஏறியிருந்தால் கடனை அடைத்திருப்போம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.