மின்சாரம் வரும் வழி



சுவரிலுள்ள விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. எரியும் வரையில் அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை. எரியாதபோதுதான் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது என்ற எண்ணமே நமக்கு எழுகிறது. தமிழகத்தை விட்டு வட மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு அவ்வெண்ணம் மிக அழுத்தமாக எழுந்த நாள் ஒன்று உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அது.

அன்று பின்னிரவு 2 மணி 33 நிமிடத்துக்கு வட இந்தியா முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. டில்லியில், விசிறி நின்ற புழுக்கத்தில் கண் விழித்த நாம், நம் வீதியில் மட்டும் ஏதோ கோளாறு என்றே எண்ணினோம். மொட்டை மாடிக்குச் சென்று பார்த்தால், தனியே ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு சில கட்டடங்களைத் தவிர, கண்ணுக்கெட்டிய வரையில் ஒரே இருள். நெடுந்தூர ரயில்கள் நடுவழியில் நின்றன. மாலைக்குள் நிலைமை சீரடைந்தது என்று பெருமூச்சு விட்டோம். மறுநாள் பகல் 1 மணியளவில் மீண்டும் அதே கதை. இம்முறை வடக்குடன் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் இல்லாமற் போயிற்று.

அன்று மாலை திருநெல்வேலியிலிருந்து நம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மின்வெட்டு என்பது எங்களுக்கு அன்றாடக் கதை. தலைநகரத்துக்குமா இந்தக் கதி? இங்கே இப்போது விளக்கு எரிகிறது, அப்பா!” என்றார். அவர் குரலில் கவலை பாதி, சிரிப்பு பாதி.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. அவ்வாண்டில் சென்னை தவிர்த்த தமிழக மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டால் வாடின. கோவையின் பட்டறைகளும் திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளும் காவிரிப் படுகையின் பம்புசெட்டுகளும் அதை நன்கறியும். அப்படி வாடிய தெற்கு, நாட்டின் பாதி இருண்ட அன்று மட்டும் எவ்வாறு தப்பியது? தெற்கு தப்பியதற்கும், அது வாடியதற்கும் காரணம் ஒன்றேதான். அக்காரணத்தை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு மின்நிலையமும் தன் பக்கத்து ஊர்களுக்கு மட்டுமே ஒளி தந்தது. பழைய சென்னை மாகாணத்தில் 1932-இல் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கின. நீலகிரியில் மழை பொய்த்தாலும் பொதிகையில் பெய்யலாம். ஓர் இயந்திரம் பழுதுபட்டால் மற்றொன்று ஈடு செய்யலாம். ஆகவே நிலையங்களைக் கம்பிகளால் இணைத்தார்கள். அவ்வாறு இணைந்த அமைப்பையே மின்தொகுப்பு என்கிறோம். பின்னர் 1960-களில் நாட்டை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு, வடகிழக்கு என ஐந்து மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தொகுப்பாக வளர்த்தார்கள்.

மண்டலங்கள் ஒன்றோடொன்று இணைந்தது படிப்படியாகவே. 1991-இல் கிழக்கும் வடகிழக்கும் ஒன்றாயின. 2003-இல் மேற்கு சேர்ந்தது. 2006-இல் வடக்கு சேர்ந்தது. தெற்கு மட்டும் தனித்து நின்றது.

சேர்வது என்றால் என்ன? தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஒரே தொகுப்பிலுள்ள மின்னாக்கிகளும் அப்படித்தான். காசுமீரத்து அணையில் சுழல்வதும் வங்காளத்து அனல்நிலையத்தில் சுழல்வதும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டும். நம் நாட்டில் அத்தாளம் வினாடிக்கு 50 சுற்று. தேவை மிகுந்தால் தாளம் தளரும். தேவை குறைந்தால் விரையும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை நிறுத்த வேண்டும் என்பது இன்றைய விதி. மின்சாரத்தைப் பத்தாயத்தில் நெல்லைச் சேர்ப்பது போலப் பெருமளவில் சேர்த்து வைப்பது இன்றும் எளிதன்று. எனவே, செலவாகும் கணத்திலேயே அது பிறந்தாகவேண்டும்.

இனி, அத்தொகுப்பின் திறனுக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம் கைக்கு ஒருமுறை மின்துறைக் கட்டுரை ஒன்று வந்தது. அதில் அடிக்கொரு தரம் வந்த ‘கெப்பாசிட்டி’ என்ற சொல்லுக்குக் ‘கொள்ளளவு’ என்று எழுதிவைத்தோம். அதைப் படித்த தமிழறிந்த பொறியாளர் ஒருவர், “ஐயா, கொள்ளளவு குடத்துக்கு உரியது. இது உத்தரத்தின் கணக்கு, ‘தாங்குதிறன்’ என்று எழுதுங்கள்” என்றார். சொல்லைத் திருத்த வந்தவர், அன்று பொருளையே விளங்கவைத்தார்.

குடத்தில் எத்தனை படி கொள்ளுமோ அத்தனை படியும் ஊற்றலாம். வீட்டு உத்தரத்தை அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஒரு தூண் சாய்ந்தாலும் கூரை தலையில் விழாதபடி கணக்கிடுகிறோம். மின்தொகுப்பைத் திட்டமிடுவோரின் முதல் விதியும் இதுவே: எந்த ஒரு மின்பாதை திடீரென அறுந்தாலும், மற்றவை அதன் சுமையையும் தாங்கவேண்டும். நான்கு பாதைகள் சேர்ந்து 4,000 மெகாவாட் சுமக்கக்கூடும் என்றால், 4,000 மெகாவாட் அனுப்பலாம் என்று பொருளாகாது. ஒன்று போனபின் மூன்று எவ்வளவு சுமக்குமோ, ஏறத்தாழ அவ்வளவே அனுப்பலாம்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. வாய்க்கால் நீரை மதகு வைத்து நமக்கு வேண்டிய பக்கம் திருப்பலாம். மாறுமின்னோட்டப் பாதைகளில் ஓடும் மின்சாரம் அவ்வளவு எளிதில் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. திறந்திருக்கும் எல்லா வழிகளிலும், எதிர்ப்பு குறைந்த வழியில் மிகுதியாகவும் மற்றவற்றில் குறைவாகவும், தானே பிரிந்து ஓடும். ஒரு வழி அடைபட்டால், அவ்வளவும் அடுத்த கணமே மற்ற வழிகளில் பாயும். அவை முன்பே நிறைந்திருந்தால், காப்புக் கருவிகள் அவற்றையும் துண்டித்துவிடும். பிறகு அடுத்தது, அதன்பின் அதற்கடுத்தது.

2012 ஜூலையில் நிகழ்ந்தது இதுவே. மேற்கே மின்சாரம் மிகுந்திருந்தது; வடக்கே வெப்பத்தால் தேவை பெருகியிருந்தது. வட மாநிலங்களில் சில தமக்கு ஒதுக்கிய பங்கைவிட மிகுதியாக எடுத்துக்கொண்டிருந்தன. குறைக்கும்படி கட்டுப்பாட்டு மையம் சொன்னதற்குப் போதிய பலன் இல்லை. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் பாதைகள் பல அப்போது பணியில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியர் செல்லும் பாதையிலும் ஒரு சுற்று, உயர்ந்த அழுத்தத்துக்கு மாற்றும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய சுற்றின்மேல் சுமை ஏறியது. அதில் பழுது ஏதும் இல்லை. ஆயினும் சுமையின் மிகுதியைப் பழுதென்று கருதிக் காப்புக் கருவி அதைத் துண்டித்தது. அதன்பின் சில வினாடிகளில் வடக்கு தனித்து, தாளம் குலைந்து, விழுந்தது. மறுநாளும் தொடக்கம் அதே பாதையில்தான்.

கவனியுங்கள் நேயர்களே, அன்று மேற்கே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. அது வரும் வழிக்குத்தான் பஞ்சம்.

இப்போது தெற்குக்கு வருவோம். அக்காலத்தில் தெற்கைப் பிற மண்டலங்களோடு இணைத்தவை நேர்மின்னோட்ட இணைப்புகளே. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரையில், 2003-இல் செயற்படத் தொடங்கிய நெடும்பாதை அவற்றுள் பெரியது. நேர்மின்னோட்ட இணைப்பு மதகு போன்றது. குறித்த அளவு மின்சாரத்தை விடும். ஆனால் ஒருபுறத்துத் தாளத்தை மறுபுறத்துக்குக் கடத்தாது. ஆகவே வடக்கின் தேர் கவிழ்ந்தபோது, வேறு வடம் பிடித்திருந்த தெற்கு கவிழவில்லை. நம் தமக்கையார் வீட்டு விளக்கு எரிந்த காரணம் இதுதான்.

அந்த மதகே தெற்கின் இடரும் ஆயிற்று. அது சிறியது, தேவையோ பெரியது. நாட்டின் பிற பகுதிகளில் விற்பனைக்கு மின்சாரம் இருந்தபோதும், கொண்டுவர வழியின்றித் தெற்கு தவித்தது. மின்சந்தையில் பிற பகுதிகளுக்கு ஒரு விலையும் தெற்குக்கு அதனினும் உயர்ந்த விலையும் பன்முறை நிலவின. அணையில் நீர் இருந்தும் கால்வாய் குறுகியதால் கடைமடை காய்வதை ஒத்த நிலை அது. தனித்து நின்றதால் தப்பினோம். தனித்து நின்றதால் வாடினோம்.

அவ்வாறாயின் இணைவதா, தனித்து நிற்பதா? இணைவதென்றே நாடு முடிவு செய்தது. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் பாதை உயிர்பெற்றது. குமரி முதல் காசுமீரம் வரை ஒரே தாளம் ஆயிற்று. ஆனால் மறுநாளே தெற்கின் குறை தீர்ந்துவிடவில்லை. முதலில் ஒரே ஒரு சுற்று. அது அறுந்தால் என்னாகும் என்ற கணக்கின்படி, சிறிதளவே அனுப்ப முடிந்தது. 2014-இல் இரண்டாம் சுற்று வந்தது. அடுத்த ஆண்டுகளில் வேறு பாதைகளும் வந்தன. அதன்பிறகே வழி அகன்றது. இணைப்பு என்பது ஒரு நாள் நிகழ்ச்சி. தாங்குதிறன் பல ஆண்டு உழைப்பு.

அழுத்தத்தை உயர்த்துவானேன் என்று கேட்கலாம். ஒரே அளவு மின்சாரத்தை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். வெப்பமாக வீணாவது கால் பங்காகும். இக்கணக்கே 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதைகளுக்கு வழிவகுத்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கொங்கு நாட்டுப் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை 2020-21-இல் பயனுக்கு வந்தது. 6,000 மெகாவாட் கொண்டுவர வல்லது அது. தெற்கே காற்று வீசும் மாதங்களில் மிகும் மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் அதனால் இயலும். கேட்கும் கையாக மட்டும் இருந்த தெற்கு, கொடுக்கும் கையும் ஆகலாம்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இத்தகைய கோபுரங்கள் நிற்பது யாரோ ஒருவரின் வயலில். 2018-இல் கொங்கு மாவட்ட உழவர்கள், உயர் அழுத்தக் கோபுரங்களுக்கு நியாயமான இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். தென்னையும் கிணறும் உள்ள நிலத்தில் கோபுரம் வந்தால், நிலத்தின் விலை சரிகிறது. கம்பியின் கீழ் மரம் வளர்க்க இயலாது. நாட்டுக்கு வழி வேண்டும். அவ்வழி ஏழை உழவன் முதுகின்மேல் மட்டும் போவது முறையன்று. வழியின் விலையைக் கணக்கிடும்போது அவன் பங்கையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

திட்டமிடுவோரின் தொல்லை இதனோடு முடியவில்லை. சூரிய மின்நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நெடும்பாதைக்கு, காடு, வயல், ஆறு கடந்து இசைவு பெற்று முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். ஆகவே தேவை கண்ணுக்குத் தெரியுமுன்பே வழியைத் தொடங்கவேண்டும். 2024 மே 30-ஆம் நாள் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அதைத் தாங்கிய பாதைகள் பல, அத்தேவை எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரைபடத்தில் கோடாக இருந்தவை. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கன்றோ?

அவ்வாறு முன்னதாக அமைத்த பாதை, சில காலம் பாதிச் சுமையோடு கிடக்கும். அதைக் கண்டு, “பணம் வீண்” என்பாரும் உளர். 2020 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு 9 மணிக்கு, ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணித்தார்கள். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கு மேல். ஆயினும் தொகுப்பு தடுமாறவில்லை. நீர்மின் நிலையங்களை விரைந்து தணித்தார்கள். பின் விரைந்து உயர்த்தினார்கள். கணிப்பு இருமடங்குக்கு மேல் பிழைத்தபோதும் தாங்குவதற்கு இடம் இருந்தது. அந்த இடத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

அடுத்த முறை ரயிலில் ஊர் செல்லும்போது, சன்னலோரம் கோபுரங்கள் வரிசையாக ஓடிவருவதைப் பாருங்கள். நாம் விட்டுவந்த வீட்டுக்கும், வாழவந்த வீட்டுக்கும் விளக்கேற்றுவது இன்று ஒரே தொகுப்பு. இங்கே ஒரு நகரம் தன் பங்குக்கு மேல் எடுத்தால், தாளத்தின் தளர்வு அங்கேயும் எட்டும். இங்கே ஒரு பாதை வலுப்பட்டால், அங்கேயும் உறுதி கூடும். ஆகவே, பாதை பாதிச் சுமையோடு நிற்கிறதே என்று யாரேனும் குறை சொன்னால், வீட்டு உத்தரத்தை நினைவூட்டுங்கள். சாய்ந்த தூணின் சுமையையும் ஏற்கவே அது காத்திருக்கிறது.