தானமும் ஆசனமும்



அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பொருளாதார மந்தம் தேசத்தையே வாட்டிக்கொண்டிருந்த 1934ஆம் ஆண்டில், பணமுடையால் தவித்த கிளெம்சன் கல்லூரியின் கால்பந்துக் குழுவைக் (காலைவிடக் கைக்கே வேலை மிகுதியான அமெரிக்கக் கால்பந்துதான்) கைதூக்கிவிட எண்ணிய அபிமானிகள், ஆளுக்கு வருஷம் பத்து டாலர் என்று சந்தா விதித்து, ஐப்டே என்னும் சங்கத்தைத் தொடங்கினார்கள்; ரொக்கம் இல்லாதவர்கள் பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்துக் கணக்குத் தீர்த்ததாகச் சொல்வார்கள். கிழங்கு கொடுத்தவர் என்ன பிரதிபலனை எதிர்பார்த்திருப்பார்? தம் கல்லூரியின் மீதுள்ள பற்று, போட்டிக் கல்லூரியிடம் தோற்கக் கூடாதென்ற ரோஷம், அவ்வளவுதான்.

செல்வந்தர் விஷயம் சற்று வேறு. எண்ணெய் வியாபாரத்தில் பெருந்தனம் ஈட்டிய பூன் பிக்கன்ஸ், தாம் பயின்ற ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கென்றே 16.5 கோடி டாலர் வழங்கினார். அங்குள்ள மைதானம் அவர் நாமத்தையே தாங்கி நிற்கிறது.

இவ்விரு சாராருக்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கோ, நல்ல ஆசனமே பெரிய ஆகர்ஷணம். நன்கொடை கூடக் கூட, நடுமைதானத்தை ஒட்டிய இருக்கைக்குச் சீட்டு வாங்கும் உரிமையும், வண்டி நிறுத்த வசதியான இடமும் கிடைக்கும். போதாக்குறைக்கு, கொடுத்ததில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது. பக்தியும் லாபமும் இவ்வாறு கலந்திருப்பதைப் பரிகசிக்க வேண்டியதில்லை. ஆயினும், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் அச்சலுகையை ரத்து செய்யவிருக்கிறதென்று தெரிந்ததும், வரும் வருஷங்களின் நன்கொடையையும் டிசம்பர் முடிவதற்குள் செலுத்திவிடும்படி பல கல்லூரிகள் வேண்டிக்கொண்டன. அபிமானிகளும் விரைந்து செலுத்தினார்கள்.