கவிதையில் நிலமும் நிலத்தின் மக்களும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

கல்விக் கழகத்தின் உறுப்பினர்களே!

தென்பெண்ணையாற்றின் கரையிலுள்ள குருவிநத்தத்தில் நின்று இயற்கையைப் பற்றிப் பேசுவது எளிது. ஆறும் வயலும் நம் கண்ணெதிரே உள்ளன. ஆயினும், கவிதையில் இயற்கை என்றால் நிலவும் தென்றலும் மலரும் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வோம்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஒவ்வொரு நிலத்திற்கும் உரியவற்றைக் கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் அவ்வரிசையிலேயே வைத்தார். பறவையின் குரல் நிலத்திற்கு உரியது போலப் பறையின் ஒலியும் நிலத்திற்கு உரியதாயிற்று. பிறர் ஏவப் பறையடிக்க மாட்டோம் என்று மறுப்பது தன்மானம். அதனை நாம் போற்றுகின்றோம். பறையே இழிந்தது என்று நாமே நாணுவது வேறு. அந்நாணத்திற்குத் தமிழ் இலக்கணத்தில் இடமில்லை.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் நான்கு பூக்களையும், வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கு உணவுகளையும் கூறி, அவற்றோடு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளையும் சேர்த்தெண்ணுகின்றார். பூவும் கதிரும் மனிதரும் ஒரே மண்ணின் செல்வமாக அங்கே நிற்கின்றனர். பிற்காலம் சுமத்திய இழிவு அப்பாடலில் இல்லை.

அந்நூலின் 61ஆம் பாடல் வயலில் களையெடுக்கும் கடைசியரைக் காட்டுகின்றது. அவர்கள் பறிப்பவை நெய்தலும் ஆம்பலும். வேடிக்கை பார்ப்பவர்க்கு அவை அழகிய மலர்கள். நாற்று நட்டவர்க்கு அவை களைகள். இரண்டும் உண்மையே. ஆனால், இரண்டாவது உண்மை சேற்றில் இறங்கியவர்க்கே முதலில் தெரியும்.

எனினும், பழமை அனைத்தையும் போற்றிவிட இயலாது. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக் காதலுக்கு உரியரல்லர், அதன் புறத்தேதான் உரியர் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். அவர்தம் பறைக்கும் தொழிலுக்கும் கவிதையில் இடம் தந்த இலக்கண மரபு, அவர்தம் நெஞ்சிற்கு நடுவிடம் தரத் தயங்கியது. நிலத்தை அழகுபடுத்திய கைகள் நிலத்தின் பாட்டில் ஓரத்தில் நின்றன.

அக்குறையைத் தீர்க்கும் குரல் நம் புதுவையிலிருந்தே எழுந்தது. 1891இல் பிறந்த பாரதிதாசன் 1944இல் வெளிவந்த ‘அழகின் சிரிப்பு’ நூலில் கடலையும் காட்டையும் ஆற்றையும் வானையும் கொண்டாடினார். அவரே, 1938இல் வெளிவந்த தம் முதற்கவிதைத் தொகுதியில், சோலைகளையும் வயல்களையும் நோக்கி, உங்களைத் திருத்தியவர் சிந்திய குருதியும் வியர்வையும் எவ்வளவு என்று வினவினார். அழகைக் காண்பதோடு அவர் நிற்கவில்லை. அவ்வழகுக்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேட்டார்.

இன்று அவ்விலை கொடுத்தோரின் மக்களே எழுதுகின்றனர். தலித் பெண் கவிஞர்களுள் ஒருவரான சுகிர்தராணியின் ‘இயற்கையின் பேரூற்று’ என்னும் கவிதையில், மண்ணில் புதைக்கப்படும் பெண் பசும்புல் நிலமாக விரிகின்றாள். தீயில் இடப்படுபவள் பறவையாகின்றாள். இங்கே இயற்கை காட்சிப் பொருளன்று. ஒடுக்குதலுக்கு அடங்காத ஆற்றல்.

இளைஞர்களே! நாம் உழுத நிலம் பெரும்பாலும் நம் பெயரில் இருந்ததில்லை. ஆனால், அந்நிலத்தைப் பற்றிய அறிவு நம்முடையது. எந்தக் களை எப்பருவத்தில் முளைக்கும், எந்தக் காற்று மழையைக் கொணரும், ஆற்றில் எவ்விடம் ஆழம் என்பவற்றை நம் தாய்மாரும் பாட்டனாரும் அறிவர். கல்வி பெற்றதனால் அவ்வறிவை உதறிவிடுவோமாயின் நம் இழப்பு இரட்டிப்பாகும். நடவுப் பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். செடிகொடிகளின் ஊர்ப் பெயர்களைத் தொகுங்கள். பின்னர் உங்கள் கவிதையை எழுதுங்கள். அதில் ஆறும் இருக்கட்டும். ஆற்றங்கரையில் குனிந்து நாற்று நட்டவரின் முதுகுவலியும் இருக்கட்டும்.

மனிதரை நீக்கிய இயற்கைக் கவிதை பாதிக் கவிதையே. மறுபாதியை எழுத வேண்டியவர்கள் நாம். இக்கழகம் நமக்குத் தந்த எழுத்து அதற்கும் பயன்படுவதாக! வாழ்க கழகம்! வளர்க கல்வி!