காத்தல் என்னும் கலை: டீசல் எஞ்சின்களும் கைம்மாறு கருதாத கைகளும்



ஆக்கல், காத்தல், அழித்தல் என முத்தொழிலை வரிசைப்படுத்துவது மரபு. தெய்வங்களிடையே காக்கும் கடவுளுக்குப் புகழில் குறைவில்லை. மனிதரிடையே நிலைமை வேறு. ஆக்கியவன் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. அழித்தவன் பெயர் வரலாற்றில் ஏறுகிறது. காத்தவன் பெயரைக் கேட்பார் இல்லை. காப்பு வேலை செவ்வனே நடக்கும்வரை அப்படியொரு வேலை நடக்கிறது என்பதே பிறருக்குத் தெரிவதில்லை. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்திருக்கிறது என்றால், அங்கே படிக்கப்பட்ட கவிதைகள் மட்டும் அதற்குக் காரணமல்ல. கூட்ட அறிக்கையை மடித்து அஞ்சலில் சேர்த்தவரும், நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுக் கடைசியாக விளக்கை அணைத்தவரும் காரணம். அத்தகைய கைகளைப் பற்றியதே இவ்வுரை. ஆனால் அக்கைகள் இருப்பது இங்கன்று. இங்கிலாந்தின் பழைய இருப்புப்பாதைப் பணிமனைகளில், டீசல் எண்ணெய்க் கறை படிந்து.

கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளைப் பொதுமக்களே ஏற்று நடத்தும் வழக்கம் பிரிட்டனில் 1951-இல் தொடங்கியது. வேல்சிலுள்ள டாலிலின் என்னும் குறுகிய பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரின் முன்முயற்சியில் தொண்டர்கள் கூடி அதனை ஓட்டினார்கள். உலகில் இத்தகைய முயற்சிகளில் இதுவே முதலாவது. ஓர் இருப்புப்பாதையைக் காக்க முதலில் முன்வந்தவர்களுள் எழுதுகோல் பிடித்த ஒருவர் இருந்தார் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1960 ஜூன் மாதத்தில், லீட்ஸ் நகரின் மிடில்டன் பாதையைத் தொண்டர்கள் ஏற்றுக்கொண்டனர். அந்நாட்டின் வழக்கமான அகலமுடைய பாதையொன்று தொண்டர் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. 1812-லேயே நீராவி எஞ்சின் ஓடிய தடம் அது. அங்கே தொண்டர்களின் முதல் வண்டியை இழுத்தது எது? புகை கக்கும் நீராவி எஞ்சின் அன்று. அதே லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் தொழிற்சாலையில் 1932-இல் கட்டப்பட்ட சிறியதொரு டீசல் எஞ்சின். பழைய மாடி டிராம் பெட்டி ஒன்றை அது இழுத்துச் சென்றது. இருப்புப்பாதைக் காப்பு என்றாலே நீராவி என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுகிறார்கள்.

மறப்பதற்கும் காரணம் உண்டு. நீராவியை வீழ்த்திய பகைவன் டீசலே என்பது அக்காலத்து ஆர்வலர்களின் மனக்குறை. 1955-இல் வெளியான நவீனமயத் திட்டம் நீராவிக்கு முடிவுரை எழுதியது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைத் தடங்களில் வழக்கமான நீராவி ஓட்டம் நின்றது. நெருப்பும் நீரும் கலந்து உயிருள்ள விலங்குபோல் மூச்சுவிட்ட எஞ்சின் போய், பெட்டி வடிவில் உறுமும் ஒன்று அதன் இடத்தில் நின்றபோது, அதை எவரும் காதலிக்கவில்லை.

இந்த வெறுப்பின் விலை என்ன என்பதற்குத் தென் வேல்சின் பாரி நகரம் சான்று. அங்கே உட்ஹாம் என்பவரின் பழைய இரும்புக் களத்தில் நூற்றுக்கணக்கான நீராவி எஞ்சின்கள் துருப்பிடித்து நின்றன. சரக்குப் பெட்டிகளை உடைக்கும் வேலையே அவருக்குப் போதுமானதாக இருந்ததால் எஞ்சின்கள் உடைபடாமல் காத்திருந்தன. ஆர்வலர்கள் பணம் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக 213 எஞ்சின்களை மீட்டார்கள். அதே களத்தில் 'ஆர்க் ராயல்' என்ற போர்க்கப்பல் பெயர் தாங்கிய டீசல் எஞ்சின் ஒன்றும் நின்றது. அவ்வகையில் கட்டப்பட்டவை ஐந்தே. ஏனைய நான்கும் முன்பே போய்விட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் அது அங்கே நின்றது. மீட்பார் எவரும் வரவில்லை. 1980-இல் அதனை வெட்டினார்கள். இன்று அவ்வகையில் ஒன்றுகூட இல்லை. நீராவி எஞ்சினைத் தேடி அக்களத்துக்கு வந்த எத்தனையோ பேர் அதனைக் கடந்துதான் போயிருப்பார்கள். அன்பில்லாதவர்களல்லர் அவர்கள். அவர்களுடைய அன்புக்கு அந்த வடிவம் பழகவில்லை, அவ்வளவே.

ஆயினும் ஒரு தலைமுறை வளர்ந்தது. நீராவியைக் கண்டறியாத அச்சிறுவர்களின் காதில் விழுந்த முதல் ரயில் ஓசையே டீசலின் ஓசைதான். மேற்கு இங்கிலாந்தில் ஓடிய 'வெஸ்டர்ன்' வகை எஞ்சின்கள் 1961 முதல் 1964 வரை கட்டப்பட்டன, மொத்தம் 74. அவற்றின் கடைசி ஓட்டம் 1977 பிப்ரவரியில் முடிந்தது. ஒரு சிறுவன் பிறந்து பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஓர் எஞ்சினின் வாழ்வு தொடங்கி முடிந்துவிட்டது. அவர்களுக்கு அது பகைவன் அன்று, இளமையின் துணை. அவ்வகையில் ஏழு இன்று எஞ்சியுள்ளன.

இதனினும் பெரிய சோதனை 'டெல்டிக்' எஞ்சின்களைக் காப்பதில் எழுந்தது. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே விரைவு வண்டிகளை மணிக்கு 100 மைல் வேகத்தில் இழுப்பதற்காக 1961, 1962 ஆண்டுகளில் 22 டெல்டிக்குகள் வந்தன. 55 நீராவி எஞ்சின்களின் வேலையை அவை ஏற்றன. சிலவற்றுக்குப் படைப்பிரிவுகளின் பெயர். சிலவற்றுக்கு வெற்றி கண்ட பந்தயக் குதிரைகளின் பெயர். கிரேக்க நெடுங்கணக்கின் 'டெல்டா' எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல், முக்கோணமாக அமைந்தவை அவற்றின் உள்ளுறுப்புகள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மூன்று கிராங்க் தண்டுகள். பக்கத்துக்கு ஆறாகப் பதினெட்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எதிரெதிராக வந்து முட்டுவதுபோல் நெருங்கிப் பிரியும் இரண்டு பிஸ்டன்கள். ஆக, 36 பிஸ்டன்கள். கடற்படையின் விரைவுப் படகுகளுக்காக நேப்பியர் நிறுவனம் வடித்த வடிவம் இது. இத்தகைய இரண்டு பொறிகள் ஒவ்வொரு வண்டியிலும் அமர்ந்து மொத்தம் 3300 குதிரைத்திறன் தந்தன.

அவை 1982 ஜனவரி 2-ஆம் நாள் விடைபெற்றன. அதற்கு முன்பே, 1977-இல், டெல்டிக் காப்புக் கழகம் தோன்றியிருந்தது. இரண்டு எஞ்சின்களை வாங்கினார்கள். பின்னர் மூன்றாவதையும் வாங்கினார்கள். வேறு அமைப்புகளும் தனியாரும் தேசிய அருங்காட்சியகமும் காத்தவற்றையும் சேர்த்து, இருபத்திரண்டில் ஆறு தப்பின. வாங்குவது எளிது; அதன் பின்னரே சிக்கல் தொடங்கியது. ரயில்வே நிர்வாகம் டெல்டிக் பொறியைப் பணிமனையில் பிரித்துப் பழுது பார்த்ததில்லை. பழுதானால் பொறியையே முழுமையாகத் தூக்கி எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, வேறொன்றை இறக்கிப் பொருத்துவதே அதன் வழக்கம். தொழிற்சாலை கைவிட்டபின் அந்த அறிவு எங்கே இருந்தது? சில கையேடுகளில் இருந்தது. பெரும்பகுதி, ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் விரல்களில் இருந்தது. கையேட்டை விலைக்கு வாங்கலாம். விரலறிவை அருகில் நின்றுதான் பெறவேண்டும். எழுத்தர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வார இறுதிகளில் அந்த முதியவர்களின் அருகில் நின்று, 36 பிஸ்டன்களின் மொழியைக் கற்றார்கள். 1996-இல் 'ராயல் ஸ்காட்ஸ் கிரே' என்னும் டெல்டிக், தனியார் காப்பிலிருந்து மீண்டு முதன்மைத் தடத்தில் ஓடியது. ஓய்வு கொடுத்து அனுப்பியவர்களின் தண்டவாளத்திலேயே அது திரும்பி வந்தது.

ஒரு டீசல் எஞ்சினைக் காப்பதில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கலாம். நீராவி எஞ்சின் தன் நோயை மறைப்பதில்லை. இணைப்பில் கசிந்தால் வெண்புகை தெரியும். தண்டு தளர்ந்தால் தட்டும் ஓசை கேட்கும். டீசல் தன் நோயை உள்ளே வைத்துக்கொள்கிறது. பொறி மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் சக்கர அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. இவற்றுக்கிடையே ஓடும் கம்பிகளின் உறை அரை நூற்றாண்டுப் பழமையால் வெடித்திருக்கும். ஈரம் புகுந்தால் மின்சாரம் வழிதவறும். ஆகவே குளிர்காலம் முழுவதும் கம்பி கம்பியாகச் சோதிக்கிறார்கள். மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்த அளவைப் பார்க்கிறார்கள். மசகெண்ணெயில் சிறிதெடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். அதில் கலந்துள்ள உலோகத் துகள், எந்த உறுப்பு தேய்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். மருத்துவர் குருதியைச் சோதிப்பது போன்றது இது.

நெடுநாள் நின்ற எஞ்சினை நேராக முடுக்கிவிடுவதும் இல்லை. சிலிண்டருக்குள் நீர் கசிந்து தேங்கியிருந்தால், முதல் சுழற்சியிலேயே பொறி சிதையும். நீர் காற்றைப்போல் சுருங்காது. எனவே முதலில் பொறியை மெல்லக் கையால் சுழற்றிப் பார்க்கிறார்கள். பின் எண்ணெயை ஏற்றி, எல்லாத் தாங்கிகளும் நனைந்தனவா என்று உறுதி செய்கிறார்கள். அதன் பின்னரே மின்கலத்தின் விசை அதனை எழுப்புகிறது. தீப்பொறி எதுவும் அங்கில்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. இருமுவதுபோல் ஓர் ஓசை, ஒரு கருமேகம், பிறகு உறுமல். சில நொடிகள் நீடிக்கும் அந்தத் தொடக்கத்துக்காகப் பல மாதங்கள் உழைத்திருப்பார்கள். நடைமேடையில் நிற்கும் பயணிக்கு இது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

வெகுகாலம் இவ்வேலைகள் திறந்த வெளியில், மழையில் நடந்தன. மூடிய பணிமனையில் நீராவி எஞ்சின்களுக்கே முதலிடம். டெல்டிக் கழகம் 2003-இல் பாரோ ஹில்லில் தனக்கென ஒரு கூரை கண்டது. கிடர்மின்ஸ்டருக்கும் பிரிட்ஜ்நார்த்துக்கும் இடையே 16 மைல் ஓடும் செவர்ன் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையில் டீசலுக்கென்றே ஒரு பணிமனை 2016-இல் திறக்கப்பட்டது. பாரி களத்தில் ஆர்க் ராயல் வெட்டுண்டு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த கூரை அது.

இத்தொண்டர்களிடையே தீராத வழக்கொன்று உண்டு. ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் துருப்பிடிக்கும். ஓடும்போது உடையும் உறுப்பு, உலகில் எஞ்சிய கடைசி உறுப்பாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, அருங்காட்சியகத்தில் அசையாமல் நிறுத்துவதே பாதுகாப்பு என்பர் ஒரு சாரார். அசையாத எஞ்சின் ஒரு படம். ஓசையும் அதிர்வும் இல்லாமல் அதில் காக்கப்பட்டது எது என்று கேட்பர் மறு சாரார். இரு சாராரும் உண்மையே பேசுகிறார்கள். ஆனால் ஓர் எஞ்சினை நிறுத்தி வைத்தால் இரும்பு மட்டும் காக்கப்படும். அதனை ஓட்ட வைத்தால், ஓட்டத் தெரிந்தவர்களும் தொடர்ந்து உண்டாவார்கள். இவ்வகையில் இரண்டாம் சாராரின் பக்கமே சற்றுக் கனமானது.

இன்னொரு வழக்கு இதனினும் கூரியது. 'குட்டி டெல்டிக்' எனப்பட்ட வகையில் பத்து எஞ்சின்கள் 1959-இல் வந்தன, பத்தும் அழிந்தன. பொறி ஒன்று மட்டும் எஞ்சியது. அந்த ஒற்றை இதயத்துக்கு உடல் தர விரும்பிய சிலர், 309 எஞ்சின்கள் கட்டப்பட்ட வேறொரு வகையிலிருந்து ஒன்றை எடுத்து, வெட்டிச் சுருக்கிக் குட்டி டெல்டிக்காக உருமாற்றும் பணியைப் பாரோ ஹில்லில் தொடங்கினர். இல்லாத ஒன்றை உண்டாக்க, இருக்கும் ஒன்றை வெட்டலாமா? அவ்வகையில் வேறு பல எஞ்சின்கள் உள்ளனவே என்பது அவர்கள் விடை. ஆர்க் ராயலைக் கடந்து போனவர்களும் இத்தகைய விடையொன்றை வைத்திருந்திருக்கக்கூடும் என்பது எதிர்க்குரல். காத்தல் என்பது எளிய நற்செயல் மட்டுமன்று. எதை இழக்க இசைவது என்று தீர்மானிக்கும் துயரமும் அதற்குள் இருக்கிறது.

டீசல் புகை காற்றைக் கெடுப்பது. அதைப் போற்றலாமா என்ற வினாவும் நியாயமானதே. டீசலை மட்டுமே நம்பி ஓடும் வண்டிகள் 2040-க்குள் தடங்களிலிருந்து நீங்கவேண்டும் என்று 2018-இல் அந்நாட்டின் அன்றைய ரயில்துறை அமைச்சர் ஒருவர் அறைகூவினார். நீராவிக்கு 1955-இல் எழுதப்பட்ட முடிவுரை போன்றதொன்று, அதனை வென்ற டீசலுக்கும் எழுதப்படத் தொடங்கிவிட்டது. வழக்கொழிந்த தொழில்நுட்பத்தை நாடெங்கும் ஓட்டவேண்டும் என்று தொண்டர்கள் கேட்கவில்லை. இரண்டு தலைமுறையினர் எப்படி உழைத்தார்கள், எந்த ஓசையில் விழித்தார்கள் என்பதற்குச் சில சான்றுகளாவது மூச்சோடு இருக்கட்டும் என்றே கேட்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி தானாக நிலைப்பதில்லை. ஓலை நைந்துபோகுமுன் ஒருவர் அமர்ந்து அதனைப் புது ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். அப்படி எழுதியவர்களுள் பெரும்பாலோரின் பெயர் தெரியாது. அவர்கள் எழுதியதால் நூல் இருக்கிறது. பழைய பொறியில் தேய்ந்த உறுப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் தொண்டரும் பெயர்த்தெழுதுபவரே. எத்தனை உறுப்பு மாறினாலும் ஓசை மாறாமலிருந்தால் அவருக்கு நிறைவு. இன்று அவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டார்கள். ஒரு காலத்தில் ஓய்வு பெற்றவர்களின் அருகில் நின்று கற்றவர்கள், இப்போது அருகில் வந்து நிற்கப்போகும் இளைஞர்களை எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்த இளைஞர் வந்தால் பொறி ஓடும். வாராவிடில் அது இரும்பு.

எந்த வட்டத்துக்கும் இது பொருந்தும். பத்தாண்டு ஓடிய வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடுக.