பிள்ளைக்கு ஏற்ற பள்ளி



நமது மக்தபில் ஒரு பிள்ளை பல மாதங்கள் ஓதியும் எழுத்துகளைப் பிரித்தறியவில்லை. சோம்பல் என்று கடிந்துகொண்டோம். அது கற்றல் குறைபாடு எனப் பின்னரே அறிந்து வருந்தினோம்.

"ஹஜ்ரத், சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். பள்ளியைத் தீர்மானிக்க வேண்டியது ஊரார் பேச்சன்று, பிள்ளையின் தேவையே. கற்றல் குறைபாடுள்ள பலருக்குச் சாதாரணப் பள்ளியும் சிறப்பாசிரியர் துணையுமே போதும். சைகைமொழி தேவைப்படும் பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி உகந்ததாகலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலலாம். முதலில் வட்டார வள மையத்தையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகுங்கள். பள்ளியை நேரில் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். சேர்த்த பின்னும் கவனியுங்கள், பொருந்தாவிடில் மாற்றலாம். வீட்டில் மறைத்து வைப்பதே பெருந்தவறு.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக்கினார்கள். மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் உரிய இடத்தைத் தேடித் தருவோமாக! ஆமீன்.