தொட்டிச் சண்டைக்குக் கண்மாய் தீர்வல்ல

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழ்த்தளத்தில் உள்ள பொது மீன்தொட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பிரச்சினை நீங்கள் அறிந்ததுதான். ஆஸ்கர் மீன் சின்ன மீன்களை விழுங்குகிறது. மூன்று டைகர் பார்ப் மீன்கள் ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கின்றன. பள்ளி வேனுக்கு நிற்கும் குழந்தைகள் காலையில் செத்து மிதக்கும் மீனைப் பார்க்கிறார்கள். ஆஸ்கரைக் கண்மாயில் விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார்கள் வேறு சிலர்.

மீன் ஏன் சண்டை போடுகிறது? இராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் அந்நியர் கால் வைத்தால் அது விடாது. மீனுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லாரன்ஸ், பவளப்பாறை மீன்களைக் கவனித்து ஒன்று சொன்னார்: அவை தங்கள் இனத்து மீனைத்தான் அதிகம் தாக்குகின்றன. ஒரே இரை, ஒரே இடம், ஒரே துணைக்குப் போட்டி போடுவது அவைதானே?

நம் தொட்டியில் நடப்பது இரண்டு வேறு விஷயங்கள். ஆஸ்கர் செய்வது சண்டையே இல்லை, சாப்பாடு. வாயில் அடங்கும் மீன் எல்லாம் அதற்கு இரைதான். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும்; வளர்ந்தால் ஓர் அடி வரும். நம் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சென்டிமீட்டரில் 120, 45, 45 என்று பெருக்கினால் 243 லிட்டர். மணலும் கல்லும் கழித்தால் சுமார் 200 லிட்டர்தான் நிற்கும். வளர்ந்த ஆஸ்கர் ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும். எந்த ஏற்பாடு செய்தாலும் சின்ன மீன்களோடு அது சேராது.

டைகர் பார்ப் கதை வேறு. அது கூட்டமாக வாழும் மீன். இரண்டு மூன்றாக விட்டால் அடுத்த மீனைச் சீண்டும். எட்டுக்குக் குறையாமல் விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். ஆனாலும் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சலை அதோடு வைக்கக் கூடாது.

மற்றபடி, ஒரு மீன் முரண்டு பிடித்தால் செய்ய வேண்டியவை எளியவை. அதை ஒரு வாரம் தனியாக வையுங்கள். அதற்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றுங்கள். திரும்பி வரும்போது பழைய எல்லை இருக்காது. உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து மறைவிடம் செய்யுங்கள். தீவனத்தை இரண்டு மூலையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். புதிய மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்து, மாலையில் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள்.

இப்போது கண்மாய் விஷயத்துக்கு வருகிறேன். நம் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையை ஊர் மீன் என்றே நினைக்கிறோம். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. இந்தியாவுக்கு வந்தது 1952இல். ஆஸ்கரும் அதுவும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். ஆண் தரையில் குழி பறித்து மற்ற மீன்களை விரட்டும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அமராவதி அணையில் இன்று அதன் ராஜ்ஜியம்தான். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீனும் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகிவிட்டது. அதன் முள் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது.

நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி போல அமைந்தவை. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்ததற்குப் போகும். மீனும் கூடவே போகும். நாம் ஒரு கண்மாயில் விடுவது அதோடு நிற்காது. விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது. கோயில் குளத்தில் விட்டாலும் அங்கே ஏற்கெனவே வாழும் மீன்களுக்கு அது எமன்தான். அதில் என்ன புண்ணியம்?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஆஸ்கரைக் கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைப்போம். ஆள் கிடைக்கும்வரை காற்றுக் குழாய் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அது இருக்கட்டும்.

இரண்டு, ஏஞ்சல் மீனை என் வீட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்கிறேன். டைகர் பார்ப் மூன்றை எட்டாக்குவோம்.

மூன்று, காவலர் அறையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எந்த மீனை விட்டாலும் எடுத்தாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வரவும் செலவும் எழுதினால்தான் கணக்கு நிற்கும்.

நான்கு, நம் குடியிருப்பிலிருந்து எந்த மீனும் கண்மாய்க்கோ குளத்துக்கோ போகக் கூடாது. இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்றில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் பேசித் திருத்தலாம். நான்காவதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.