கத்தி யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "நீங்க குலசேகரன்பட்டினத்துக்காரர், ராக்கெட் பத்திப் பேசுங்களேன்" என்றார். நியாயமான ஆசைதான். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் ஊரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, எங்கே போனாலும் "உங்க ஊர்ல எப்போ ராக்கெட் விடுதாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் நான் ராக்கெட் செய்கிறவன் அல்ல. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்பை வெட்டுகிற கருவிகள் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூர்மை ஒன்றுதான். அதனால் அரிவாள்மனைக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் அதிகம் புழங்குகிற ஒரு வெட்டுக் கருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். சவரக்கத்தி! (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். குலசைக்காரனுக்கு இது பொருத்தமான தலைப்புதான். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தாடி வளர்த்து, காளி வேஷமும் ராஜா வேஷமும் கட்டிக் காணிக்கை எடுத்து வருகிறார்கள். சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு எங்கள் பக்கத்துச் சலூன்களில் உட்கார இடம் கிடைக்காது. பக்கத்திலேயே திருச்செந்தூர். அங்கே ஒரு தாய் தன் முதல் குழந்தையை, அதுவரை முகம்கூடப் பார்த்திராத ஒருவர் மடியருகே உட்கார்த்தி, கத்திக்குத் தலையைக் கொடுக்கிறாள். குழந்தை வீறிட்டு அழும், தலையை ஆட்டும். இரண்டு நிமிடத்தில் மொட்டை முடிந்து சந்தனம் பூசியாகிவிடும். அந்தக் கையின் திறமையை நாம் என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறோமா?

நான் பார்க்கக் கற்றுக்கொண்டது இந்தக் கல்லூரி விடுதியில்தான். என் அறையில் இருந்த நண்பன் ஒருவனின் தகப்பனார் சலூன் வைத்திருந்தார். வகுப்பில் வெட்டுக் கருவியின் கோணங்களைப் பற்றிப் பாடம் நடந்த அன்று இரவு, பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. அவன் பெட்டிக்குள்ளிருந்து தன் தாத்தாவின் பழைய மடக்குக் கத்தியை எடுத்தான். "இதைப் பாரு மக்கா. முதுகு தடிப்பு, வாய் மெலிசு. சாணைக்கல்லுல படுக்கப் போட்டா முதுகும் வாயும் ஒண்ணா உரசும். கோணத்தை நீ பிடிக்க வேண்டாம், கத்தியே பிடிச்சுக்கிடும்" என்றான். அதுதான் விஷயம். முதுகின் தடிப்புக்கும் கத்தியின் அகலத்துக்கும் உள்ள விகிதமே கூர்முனைக் கோணத்தைத் தீர்மானிக்கிறது. சுமார் 16, 17 டிகிரி வரும். நாங்கள் ஜிக், ஃபிக்ஸ்சர் என்று பக்கம் பக்கமாக எழுதியது அந்தக் கத்தியின் உருவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

பிறகு தோல் வாரில் தீட்டிக் காட்டினான். முன்னும் பின்னும், திருப்பும்போது முதுகின் மேல் புரட்டி. "ஏல, சத்தம் மாறுது கேட்டியா? இப்போ ஏறிட்டு" என்றான். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவன் காதுக்குக் கேட்டது. சாணைக்கல் உலோகத்தைத் தேய்த்துக் கூராக்குகிறது. வார், வளைந்துபோன நுண்ணிய முனையை நேராக்கிப் பளபளப்பாக்குகிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். இதை ஒரு புத்தகமும் பார்க்காமல், தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றுக்கொண்டு வந்தது ஒரு தொழில்.

இப்படிப்பட்ட கத்தியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பலம் இருந்தது. நம் தூத்துக்குடியிலேயே அது ஒரு முறை வெளிப்பட்டது. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றார்கள். ஊரே தொழிலாளர் பக்கம் சேர்ந்தது. அந்த நாட்களில் நாவிதர் ஒருவர், ஒரு வக்கீலுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவர் சுதேசிகளுக்கு எதிர்ப் பக்கம் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று வ.உ.சி.யின் வரலாற்றில் சொல்வார்கள். மார்ச் 12-ஆம் தேதி தலைவர்களைக் கைது செய்தபோது கடைகள் அடைத்தன. வண்டிக்காரர்களோடு நாவிதர்களும் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் ஓட்டியவரை நமக்குத் தெரியும். அவருக்காகக் கத்தியை மடக்கியவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துநர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி ஒரு கத்தரிக் கருவியை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஏதோ தேறியது; பின்பக்கம் குளறுபடி. நீதிமன்றத்தில் நண்பர்கள் எலி கடித்ததா என்று கேலி செய்தார்கள். ஆனால் அவர் அந்த முடிதிருத்துநர் மேல் கோபப்படவில்லை. நம் நாட்டில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நம் நாவிதர்கள் முடி வெட்டுவதை நாம் அனுமதிக்கிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவருடைய சுயசரிதையில் இருக்கிறது இது.

யோசித்துப் பாருங்கள். ஒரே கத்தி. அது ஒருவர் முகத்தைத் தொடலாம், இன்னொருவர் முகத்தைத் தொடக்கூடாது என்று ஊர் சொன்னது. கத்தி பிடித்தவரையும் ஊர் உள்ளே விடவில்லை. கழுத்தைக் கொடுக்க நம்பிக்கை இருந்தது, திண்ணையில் சமமாக உட்கார வைக்க மனம் இல்லை. சவரம் செய்தவர்களே ஒரு காலத்தில் கட்டி கீறி மருந்தும் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆனாலும் அவருக்கு வருஷக் கூலி நெல், வாசலுக்கு வெளியே.

இந்த உறவை மாற்றியது ஒரு சட்டமோ சீர்திருத்த இயக்கமோ மட்டும் அல்ல; ஒரு மெல்லிய தகடும் மாற்றியது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனைப் பிரதிநிதி, தேய்ந்தால் தீட்டாமல் எறிந்துவிடக்கூடிய பிளேடு ஒன்றை 1895-ல் கற்பனை செய்தார். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைச் சூடேற்றிப் பதம் கொடுத்தால் அது கோணிக்கொள்ளும், முடியவே முடியாது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதைச் செய்து காட்டினார். பெயர் நிலைத்தது ஜில்லெட்டுக்கு. பொறியாளன் பிழைப்பு அப்போதே அப்படித்தான்! (சிரிப்பு, கைதட்டல்) 1903-ஆம் ஆண்டு முழுவதும் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் ரேசர் போனது. திரும்பி வந்தவர்களில் பலர் பழைய கத்திக்குப் போகவில்லை.

இங்கே நடந்தது என்ன? சாணை பிடிக்கும் திறமை, வார் தீட்டும் திறமை, முப்பது டிகிரியில் கத்தியைச் சாய்க்கும் திறமை எல்லாம் மனிதன் கையிலிருந்து இடம் பெயர்ந்து தொழிற்சாலைக்கும் ரேசர் தலையின் வளைவுக்கும் போய்விட்டது. இதனால் ஒரு விடுதலை உண்டு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எவரும் மறுக்க முடியாது. ஒரு இழப்பும் உண்டு. நண்பனின் தாத்தாவுக்குக் கேட்ட சத்தம் யாருக்கும் கேட்காமல் போயிற்று.

சலூனிலும் மாற்றம் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த விழிப்புணர்வில், ஒரே கத்தியால் எல்லோருக்கும் சவரம் செய்வது ஆபத்து என்று மக்களுக்குப் புரிந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலவும் அப்படிப் பரவக்கூடியவைதான். பிளேடைப் பாதியாக உடைத்து, கத்தி போன்ற பிடியில் செருகி, ஆளுக்கு ஒன்று போடும் வழக்கம் வந்தது. பார்ப்பதற்குப் பழைய கத்தி, உள்ளே புதுப் பிளேடு. நல்ல பொறியியல் என்பேன்.

கெட்ட பொறியியலுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன், தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென்று 2002-ல் ஒரு ரேசர் கொண்டுவந்தது. முடி அடைத்துக்கொள்ளாமல் தள்ளிவிட ஒரு பட்டை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்ததும் சரிப்பட்டு வரவில்லை. காரணம், அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்தவர்கள். நம் ஆட்கள் முற்றத்தில் குத்துக்காலிட்டு, ஒரு குவளைத் தண்ணீரும் கைக்கண்ணாடியுமாகச் செய்கிறவர்கள். பிறகு அவர்கள் வீடு வீடாக வந்து உட்கார்ந்து பார்த்து, 2010-ல் 15 ரூபாய்க்கு வேறு ஒரு ரேசர் செய்தார்கள். பயன்படுத்துகிறவன் முற்றத்தில் போய் உட்காராமல் வரைபடம் போடாதீர்கள். அவ்வளவுதான் பாடம்.

இன்னொரு அதிசயம். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. பிறகு ஏன் பிளேடு மழுங்குகிறது? 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிளேடு வெறுமனே தேய்ந்து போகவில்லை. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வளைந்து மோதும்போது முனை சிறுசிறு சில்லாகப் பெயர்கிறது. உள்ளே சீராக இல்லாத இடத்தில்தான் வெளியே உடையும். இது எஃகுக்கு மட்டுமா?

புதிதாக மீசை முளைத்திருக்கும் முதலாண்டுத் தம்பிகளுக்கு நாலு வார்த்தை. ஐந்து பிளேடு அடுக்கிய விலை உயர்ந்த ரேசர் கட்டாயம் இல்லை. இருபுறமும் கூரான சாதாரண பிளேடு போதும். குளித்த பிறகு சவரம் செய்யுங்கள். நனைந்த முடி எளிதில் வெட்டுப்படும். பிரஷ்ஷால் சோப்பு நுரையை நன்றாக எழுப்புங்கள். முதலில் முடி வளரும் திசையிலேயே இழுங்கள். அழுத்த வேண்டாம், ரேசரின் எடையே போதும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரக் கல். பழைய பிளேடை மட்டும் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஒரு டப்பாவில் கீறல் போட்டு அதில் சேர்த்து வையுங்கள். விடுதிக் குப்பையில் கைவிட்டு அள்ளுகிற அம்மாவுக்கும் விரல் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கத்தியைக் காட்டிக் கற்றுக்கொடுத்தானே என் நண்பன், அவன் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "சுயதொழில்" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனை அப்படி எழுத வைத்திருந்தார்கள். இன்று அவன் ஒரு பெரிய ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர். இந்த மேடையில் உன் பெயரைச் சொல்லட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "வேண்டாம் மக்கா. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. இப்போ எதுக்கு?" என்றான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஒருவன், தன் அப்பாவின் தொழிலை இன்னும் மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறை அவனுடையது அல்ல.

தமிழக அரசு 2021-ல் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்து, அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. நல்ல காரியம். நாம் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது. இன்று காலை விடுதிச் சமையல் மாஸ்டருக்கும் காவலருக்கும் பொன்னாடை போர்த்தினோம், கண் நிறைந்தது. நம் விடுதிக்கு ஞாயிறுதோறும் அடைப்பத்தோடு வந்து, வேப்பமரத்தடியில் நம் எல்லோர் தலையையும் திருத்திய அண்ணாச்சி இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார். அடுத்த ஒன்றுகூடலில் அவரும் இந்த மேடையில், இந்த வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும். செயலாளர் அவர்கள் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களில் யாராவது அந்த விண்ணப்ப வரியில் "முடிதிருத்தும் தொழில்" என்று எழுதத் தயங்கிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் முதலில் மாற வேண்டும். அவர்கள் மாறினால் நீங்கள் தாராளமாக எழுதலாம். என் நண்பனும் ஒரு நாள் இங்கே வந்து தன் பெயரைத் தானே சொல்வான்.